போர்டு தானாக எழுதினால் பேய் இல்லை, தூசி

போன வாரம் எங்க காத்திவாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். நாலாம் வகுப்பு டீச்சர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "தம்பி, நீங்க கம்ப்யூட்டர் படிச்சவர்தானே? எங்க ஸ்மார்ட் போர்டு தானா கோடு போடுது. பசங்க பேய்னு கத்துறாங்க. அதனால இப்ப வீடியோ மட்டும்தான் போடுறேன்."

பேய் இல்லீங்க. தூசி.

நம்ம போன் திரை, விரலில் இருக்கும் மின்தன்மையை உணர்ந்து வேலை செய்கிறது. வகுப்பறையில் இருக்கும் பெரிய போர்டுகள் பலவும் அப்படி இல்லை. சட்டத்தின் ஒரு பக்கம் வரிசையாகக் குட்டி எல்.இ.டி.கள், எதிர்ப்பக்கம் சென்சார்கள். மேலிருந்து கீழாகவும், இடமிருந்து வலமாகவும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி கண்ணாடிக்கு முன்னால் வலை மாதிரி ஓடும். விரல் எந்த இரண்டு கதிர்களை மறைக்கிறதோ, அவை வெட்டிக்கொள்ளும் இடம்தான் 'டச்'. ஒளியை எது மறைத்தாலும் போதும். விரல், சாக்பீஸ், ஏன், பல்லிகூட அங்கே எழுதும்.

இங்கே ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் லாரிகள், அனல்மின் நிலையம். உப்புக்காற்றின் ஈரத்தில் தூசி அப்படியே ஒட்டிக்கொள்ளும். பக்கத்துக் கரும்பலகையின் சாக்பீஸ் பொடியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். போர்டை அணைத்து, காய்ந்த மென்மையான துணியால் சட்டத்தின் உள்விளிம்பைச் சுற்றித் துடைத்தோம். பேய் ஓடிவிட்டது. வீட்டில் செய்வதாக இருந்தால் தண்ணீர் மட்டும் தெளிக்காதீங்க. நேர்வெயில் பட்டாலும் டச் குழம்பும். ஜன்னலை மூடிப் பாருங்க.

"டச் போனா என்ன, வீடியோ ஓடுதே?" என்று கேட்கலாம். அன்றைக்கு டீச்சர் 0 முதல் 1 வரை ஒரு கோடு போட்டு, நடுவில் ½ குறித்து, ¼ எங்கே வரும் என்று ஒரு பையனைக் கூப்பிட்டார். அவன் ½க்கு வலதுபக்கம் இழுத்து வைத்தான். "ரெண்டை விட நாலு பெருசு மிஸ்." பாதி வகுப்பு தலையாட்டியது. அந்தத் தப்பு வீடியோவுக்குத் தெரியாது. சாக்பீஸாலும் இதைக் கண்டுபிடிக்கலாம், உண்மைதான். ஆனால் ஒரே பட்டையை இரண்டாகவும் நான்காகவும் வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றை அவனே நகர்த்தி வைத்துப் பார்த்தது போர்டில்தான்.

டச் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. லண்டன் உயர்நிலைப் பள்ளிகளில் 2003 வாக்கில் இந்தப் பலகைகளை நிறைய மாட்டினார்கள். 2007இல் வெளிவந்த ஆய்வு, முதல் ஆண்டில் மதிப்பெண்ணில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை என்றது. ஒருவர் பின் ஒருவராகப் பலகைக்கு வந்து போவதில் சில வகுப்புகளில் பாடம் மெதுவானதையும் அது கவனித்தது. இதற்கு டீச்சரே வழி வைத்திருந்தார்: எல்லாரும் முதலில் நோட்டில் எழுதணும், அப்புறம்தான் ஒருத்தர் போர்டுக்கு.

தமிழ்நாட்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு மட்டும் 22,931 திறன்மிகு வகுப்பறைகள் என்று திட்டம் போட்டார்கள். பெரிய எண். ஆனால் டச் போன போர்டு வெறும் விலை உயர்ந்த டி.வி. உங்க ஊர்ப் பள்ளிக்குப் போனால் போர்டு இருக்கிறதா என்று கேட்காதீங்க. பசங்க அதைத் தொடுறாங்களா என்று கேளுங்க. கையோடு ஒரு துணியும் எடுத்துட்டுப் போங்க.

அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.