சரளைப் பாதை வண்டியா, மலை வண்டியா?



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்று பினாங்குத் தீவில் வேலை செய்கிறார்கள். கெலுகோரில் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து அறை எடுத்துத் தங்குகிறார்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். அல்லது பக்கத்திலேயே இருக்கும் அறிவியல் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்கள். அவர்களில் ஒருவர் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்து, "அப்பா, ஒரு சைக்கிள் வாங்கலாமென்று இருக்கிறேன். கிராவல் பைக் வாங்கட்டுமா, ஹார்ட்டெயில் மவுண்டன் பைக் வாங்கட்டுமா?" என்று கேட்டால், நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

இது சிறுபிள்ளை ஆசை என்று தள்ளிவிட வேண்டாம். நம் நாட்டில் 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என்று ஆனது. பெயர் பெற்ற கம்பெனியின் கிராவல் வண்டி ஒன்றின் விலை அந்தத் தொகையை எளிதில் தாண்டிவிடும். தவறான வண்டியை வாங்கி அதை வீட்டுச் சுவரில் சாத்தி வைத்தால், ஒரு மாத உழைப்பு அங்கே துருப்பிடித்து நிற்கும்.

முதலில் இவை இரண்டும் என்னவென்று பார்ப்போம். கிராவல் என்றால் சரளைக்கல். பந்தயச் சைக்கிளைப் போல ஆட்டுக்கொம்பாக வளைந்த கைப்பிடி, அதைவிடத் தடித்த டயர், அதிர்ச்சி தாங்கும் ஸ்பிரிங் இல்லாத முன்கவை. இதுதான் கிராவல் வண்டி. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் 2006இல் தொடங்கிய சரளைப்பாதைப் பந்தயம் ஒன்று இதைப் பிரபலமாக்கியது. 2022இல் இத்தாலியில் இதற்கு உலக வாகையர் போட்டியே நடந்தது.

ஹார்ட்டெயில் என்பது மலை வண்டி. முன்கவையில் 100 முதல் 120 மில்லிமீட்டர் வரை அமுங்கும் ஸ்பிரிங் இருக்கும். பின்பக்கம் விறைப்பாக இருக்கும். அதனால்தான் அந்தப் பெயர். கைப்பிடி நேராகவும் அகலமாகவும் இருக்கும். இதன் பிறப்பிடம் கலிபோர்னியா. 1970களில் அங்கே தாமல்பைஸ் மலைப்பக்கத்தில் சில இளைஞர்கள் பழைய கனமான சைக்கிள்களில் இறக்கத்தில் பாய்ந்து விளையாடினார்கள். பெடலைப் பின்னால் மிதித்துப் பிடிக்கும் பிரேக் அது. ஓர் இறக்கம் முடிவதற்குள் சூட்டில் அதன் கிரீஸ் புகைந்துபோகும். ஒவ்வொரு முறையும் கழற்றி மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். 1976இல் அவர்கள் தொடங்கிய பந்தயத்துக்கு அதனாலேயே 'ரீபேக்', அதாவது 'மறுபடி அடைத்தல்' என்று பெயர் வந்தது.

கிராவல் வண்டி ஏதோ புதிய அதிசயம் என்று கடைக்காரர் சொல்லலாம். நம் பெரியவர்கள் சிரிப்பார்கள். பால்மரக் காட்டில் ராலே சைக்கிளில் பால் வாளியைக் கட்டிக்கொண்டு போன தாத்தாக்களின் டயர் ஒன்றரை அங்குலம். அதாவது 38 மில்லிமீட்டர். இன்றைய கிராவல் வண்டியின் டயரோ 38 முதல் 45 மில்லிமீட்டர் வரை. ஸ்பிரிங்கும் இல்லை, கியரும் இல்லை. ஆனால் அந்த வண்டி செம்மண் பாதையில் ஓடியது. ஆக, தோட்டச் சாலைக்கு மலை வண்டிதான் வேண்டும் என்று கட்டாயமில்லை. எந்தச் சாலை, எந்தப் பருவம், எவ்வளவு சுமை என்பதைப் பார்க்க வேண்டும்.

கெலுகோரிலிருந்து தொடங்குவோம். கடலோரத்தில் துன் டாக்டர் லிம் சோங் யூ விரைவுச்சாலையை ஒட்டி மிதிவண்டித் தடம் போகிறது. சமதளம், தார். இங்கே கிராவல் வண்டி பறக்கும். அகன்ற மலை டயர் தார்ச்சாலையில் உறுமிக்கொண்டு உங்கள் கால் பலத்தைத் தின்னும். தினமும் வேலைக்குப் போய்வருகிறவருக்கு இந்த வித்தியாசம் மாலையில் முழங்காலில் தெரியும்.

ஆனால் பினாங்கு மலைகளின் தீவு. பாலிக் பூலாவுக்குப் போனால் வயல்வெளிச் சாலைகள் தட்டையானவை; போகும் வழியில்தான் ஏற்றம். இங்கே பற்சக்கரக் கணக்கு வேலை செய்கிறது. பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது வண்டி எவ்வளவு தூரம் நகர்கிறது என்று பாருங்கள். கிராவல் வண்டியில் முன்னால் 40 பல், பின்னால் பெரிய சக்கரம் 42 பல் என்றால், மிக இலேசான கியரில் சுமார் 2.1 மீட்டர் நகரும். மலை வண்டியில் முன்னால் 32, பின்னால் 51 என்றால் சுமார் 1.4 மீட்டர்தான். தூரம் குறையக் குறைய மிதிப்பது இலேசாகும். 833 மீட்டர் உயரமான கொடிமலையின் தார்ப்பாதையில், டயரைவிட இந்தக் கணக்குதான் உங்களை இறங்கித் தள்ளவிடாமல் காப்பாற்றும். வண்டிக்கு வண்டி பற்கள் மாறும். எண்ணிப் பார்த்தே வாங்க வேண்டும்.

இனித் தோட்டத்துக்கு வருவோம். பினாங்குப் பாலம் 1985இல் திறக்கப்பட்டது, கெலுகோரிலேயே கரையேறுகிறது. இருந்தும் அதில் மிதிவண்டிக்கு அனுமதி இல்லை. அதனால் பெரியகரைக்குப் போக ஜார்ஜ்டவுன் படகுத்துறைக்கு வர வேண்டும். 2023 முதல் ஓடும் புதிய படகுகள் மிதிவண்டியையும் ஏற்றிக்கொள்கின்றன. அங்கிருந்து நிபோங் திபால் பக்கமோ கூலிம் பக்கமோ உள்ள தோட்டத்துக்குப் பெரும்பகுதி தார்ச்சாலை, கடைசியில்தான் செம்மண்.

அந்தக் கடைசிப் பகுதி வெயிலில் ஒரு பாதை, மழையில் வேறு பாதை. காய்ந்திருந்தால் கிராவல் டயர் போதும். மழை பெய்துவிட்டால் லாரி போன தடத்தில் களிமண் குழைந்து டயரில் அப்பி, கவைக்கும் டயருக்கும் நடுவே அடைத்துக்கொண்டு சக்கரத்தையே நிறுத்திவிடும். இடைவெளி குறைவான வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். கடையில் நிற்கும்போதே டயருக்கும் கவைக்கும் இடையே விரலை விட்டுப் பாருங்கள். ஒரு விரல் தாராளமாக நுழையாத வண்டி தோட்டத்துக்கு ஆகாது.

இன்னொரு எதிரி செம்பனை மட்டையின் முள். வெட்டிப் போட்ட மட்டை கிடக்கும் இடத்தில் எந்த டயரும் தப்பாது. டியூப் இல்லாத டயருக்குள் பால் போன்ற அடைப்பு மருந்து ஊற்றினால், முள் போட்ட சிறு துளையை அது தானே அடைக்கும். நம் நாட்டு வெப்பத்தில் அது சில மாதங்களில் உலர்ந்துவிடும். மறுபடி ஊற்ற வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர் டியூப் போட்டு, பம்பையும் ஒட்டுச் சாமானையும் பையில் வைத்துக்கொள்வதே மேல்.

முன் ஸ்பிரிங்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மலிவான வண்டிகளில் வரும் ஸ்பிரிங் கவை கனமானது. கடல் காற்றும் செம்மண் சேறும் சேர்ந்தால் துருவேறி இறுகி, அமுங்கவே மறுத்துவிடும். பிறகு அது வெறும் இரும்புச் சுமை. நல்ல கவைக்கோ குறித்த காலத்தில் எண்ணெய் மாற்ற வேண்டும். கிராவல் வண்டியின் விறைப்பான கவைக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. பிரேக்கும் இப்படித்தான். கம்பியில் இயங்கும் தட்டு பிரேக் என்றால் சிற்றூர்க் கடையிலும் கம்பி கிடைக்கும். எண்ணெய் பிரேக் நன்றாகப் பிடிக்கும், ஆனால் பழுதானால் தெரிந்த கையைத் தேடிப் பட்டணத்துக்கு வர வேண்டும்.

அப்படியானால் எதை வாங்குவது? ஓர் உண்மை பலருக்குத் தெரியாது. கிராவல் வண்டியின் சக்கரமும் 29 அங்குல மலை வண்டியின் சக்கரமும் ஒரே அளவு ரிம் கொண்டவை. இரண்டும் 622 மில்லிமீட்டர். அதனால் 29 அங்குல ஹார்ட்டெயிலுக்கு 50 மில்லிமீட்டர் அகலமுள்ள வழவழப்பான டயர் மாட்டினால் தார்ச்சாலையில் பாதித் தொல்லை தீரும். மழைக்காலத்தில் பழைய முரட்டு டயரைத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். கிராவல் வண்டியில் மலை டயரை மாட்டப் போனால் சட்டத்தில் இடமிருக்காது. ஒன்றை மற்றதாக ஓரளவு மாற்றலாம். மற்றதை இதுவாக மாற்ற முடியாது.

ஆகவே, அண்ணனும் தம்பியும் தங்கையும் மாற்றி மாற்றி ஓட்டப்போகும் ஒரே வண்டி என்றால், என் யோசனை ஹார்ட்டெயில். நேரான கைப்பிடி யார் கைக்கும் பழகும். வளைந்த கைப்பிடியோ ஆளின் உடல்நீளத்துக்குப் பொருந்தினால்தான் சுகம். கெலுகோரிலேயே தங்கி, தினமும் தாரில் போய்வந்து, மாதம் ஒருமுறை மட்டும் வெயில் நாளில் தோட்டத்துக்கு வருகிற ஒருவருக்கு மட்டுமே என்றால் கிராவல் வண்டியை வாங்கட்டும், வருத்தப்பட மாட்டார். எதுவானாலும் பின்னால் சாமான் தட்டு பொருத்தச் சட்டத்தில் திருகு ஓட்டைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். உயரம் குறைந்தவர்களுக்கான சிறிய சட்டங்களில் சில கம்பெனிகள் 27.5 அங்குலச் சக்கரம் போடுகின்றன. அதன் ரிம் 584 மில்லிமீட்டர். நான் சொன்ன டயர் மாற்றத்துக்கு அந்த அளவு டயராகவே கேட்டு வாங்க வேண்டும்.