எங்கே விழும் அந்தத் தொம்?

தவில் தீர்மானமும் ஜாஸ் ஃபியூஷனும் நம் மூளையில் செய்யும் வேலை

“எங்க விட்டாரு, எங்க வந்து விழுந்தாரு, பாத்தியளா அண்ணாச்சி!”

திருநெல்வேலிப் பக்கம் கோயில் திருவிழாவிலோ கல்யாண வீட்டிலோ நல்ல தவில்காரர் ஒருவர் ஒரே சொற்கட்டை மூன்று முறை அடுக்கி வாசித்து முடிக்கும் தீர்மானத்தை வைத்து முடித்ததும், கூட்டத்திலிருந்து இப்படி ஒரு குரல் எழும். கேட்டவர் சங்கீதம் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. வெற்றிலையை மென்றுகொண்டு தூணில் சாய்ந்து நிற்பவராகவும் இருக்கலாம். ஆனால் அவர் சொன்னது வெறும் பாராட்டு இல்லை. வாசிப்பவர் எங்கே வந்து விழப்போகிறார் என்று இவரும் உள்ளுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். அப்படிப் போட்டிருந்தால்தான் விழுந்த இடத்தைக் கண்டு வியக்க முடியும்.

இசையில் வரும் வியப்பைப் பற்றி நரம்பியல் இன்று சொல்வதன் சாரமும் இதுதான். நம் மூளை சத்தத்தைக் கேட்டுப் பதிவு செய்வதோடு நிற்பதில்லை. அடுத்து என்ன வரும் என்று ஓயாமல் ஊகித்துக்கொண்டே போகிறது. ஊகம் பலித்தால் ஒரு நிறைவு, பிசகினால் ஒரு துணுக்குறல். படித்துறையில் இறங்கும்போது இன்னும் ஒரு படி இருக்கிறது என்று காலை வைத்து, அங்கே படி இல்லாமல் போனால் உடம்பு ஒரு கணம் திடுக்கிடுமே, அதே இயக்கம்தான். இசைக்கலைஞர் நம்மை விழாமல் காத்து, அந்தத் திடுக்கிடலை இன்பமாக மாற்றித் தருகிறார். இசை தரும் உணர்ச்சிக்கு வேர் எதிர்பார்ப்பில்தான் இருக்கிறது என்று அமெரிக்க இசை அறிஞர் லியனார்ட் மேயர் 1956-லேயே ஒரு புத்தகம் எழுதிவிட்டார். அதற்குப் பின் வந்த மூளைப் படங்கள் அவர் சொன்னதற்கு உடற்கூறு ஆதாரம் தேடித் தந்தன.

தூங்கும் குழந்தைக்கும் தாளம் தெரியும்

இந்த ஊகம் படித்து வருவதில்லை. பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகள் தூங்கிக்கொண்டிருக்கும்போது, அவர்கள் தலையில் மின்முனைகளைப் பொருத்தி ஒரு தாளத்தை ஒலிக்கச் செய்தார்கள் ஹங்கேரியின் இஸ்த்வான் விங்க்லரும் நெதர்லாந்தின் ஹெங்க்யான் ஹோனிங்கும் அவர்களது குழுவினரும். வட்டத்தின் முதல் அடியை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டபோது குழந்தைகளின் மூளை அலைகளில் மாற்றம் தெரிந்தது. வர வேண்டிய அடி வரவில்லை என்பதை அந்தச் சின்னத் தலை கவனித்துவிட்டது. 2009-இல் வெளிவந்த ஆய்வு இது. நாம் ‘சமம்’ என்று சொல்லும் இடத்தை எதிர்பார்க்கும் திறன் தொட்டிலிலேயே தொடங்கிவிடுகிறது.

வளர்ந்தவர்களிடம் இன்னொரு விந்தையும் இருக்கிறது. கைகால் அசைக்காமல் சும்மா படுத்துக்கொண்டு தாளத்தைக் கேட்டாலும், உடம்பை அசைப்பதற்கான மூளைப் பகுதிகள் விழித்துக்கொள்கின்றன. அடுத்த அடி எப்போது வரும் என்ற கணக்கை, காலடி எடுத்து வைக்கும் அதே பகுதிகள்தான் போடுகின்றன. கச்சேரியில் தொடையில் விழும் கை தானாக விழுவதற்குக் காரணம் இதுதான்.

தாமிரபரணிக் கரை ஊர்களில் சுடலைமாடன் கோயில் கொடைவிழாவுக்குப் போனால் இதன் உச்சத்தைப் பார்க்கலாம். அங்கே நடக்கும் கணியான் கூத்தில் அடிக்கும் மகுடம், மரவளையத்தில் தோல் போர்த்திய பறை வகைக் கருவி. உச்ச மகுடம், மந்த மகுடம் என்று இரண்டு. அடிக்கும் முன் நெருப்பில் காட்டுவார்கள். ஈரம் போய்த் தோல் இறுக, சுருதி ஏறும். ஒன்று மேலேயும் ஒன்று கீழேயுமாக இரண்டு மகுடங்களும் ஒன்றன் இடைவெளியில் மற்றொன்று புகுந்து விளையாடும்போது சும்மா நிற்பது கஷ்டம். எத்தகைய தாளம் உடம்பை ஆட வைக்கும் என்று மரியா விட்டெக் குழுவினர் 2014-இல் சோதித்தார்கள். மிக எளிய தாளத்துக்கும் மிகச் சிக்கலானதற்கும் ஆடும் ஆசை குறைவாகவே இருந்தது. எதிர்பார்த்த இடத்திலும் எதிர்பாராத இடத்திலும் அளவோடு கலந்து அடி விழும் நடுத்தரத் தாளத்துக்குத்தான் உடம்பு அதிகம் இசைந்தது.

பதினாறு மாத்திரையில் ஒரு நாடகம்

தவில்காரர் செய்வதை ஒரு சின்ன உதாரணத்தில் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஆதி தாளத்தில் எட்டு எண்ணிக்கை. முதலில் ஒரு தட்டும் மூன்று விரல் எண்ணிக்கையும், பிறகு தட்டு-வீச்சு, தட்டு-வீச்சு. ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் நான்கு மாத்திரை.

‘த தி கி ண தொம்’ என்பது ஐந்து மாத்திரைச் சொற்கட்டு. அதன் பின் ஒரு மாத்திரை இடைவெளி விட்டு மறுபடி ஒரு தடவை, மறுபடியும் ஒரு இடைவெளி, மூன்றாம் தடவை. இதை ஐந்தாம் எண்ணிக்கைத் தட்டில் தொடங்கிக் கைத்தாளம் போட்டபடி சொல்லிப் பாருங்கள். முதல் ‘தொம்’ ஆறாம் எண்ணிக்கை வீச்சின்மேல் சரியாக விழும். மனம் ‘சரி, புரிந்தது’ என்று நிம்மதி கொள்ளும். இரண்டாவது ‘தொம்’ ஏழாம் தட்டுக்கும் எட்டாம் வீச்சுக்கும் நட்டநடுவில், அந்தரத்தில் விழும். ‘ஐயோ, தாளம் போச்சே’ என்று ஒரு பதற்றம். மூன்றாவது ‘தொம்’ அடுத்த வட்டத்தின் முதல் தட்டில், சமத்தில், உளி வைத்தாற்போல வந்து இறங்கும். ஐந்தும் ஒன்றும் ஆறு, ஐந்தும் ஒன்றும் ஆறு, மீதி நான்கு, ஆகப் பதினாறு. கணக்கு அவ்வளவுதான்.

மூன்று முறை ஏன்? முதல் முறை சொற்கட்டு நமக்கு அறிமுகமாகிறது. இரண்டாம் முறை அது திரும்ப வருகிறது என்று உறுதியாகிறது. மூன்றாம் முறை தொடங்கும்போதே முடிவு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. எங்கே முடியும் என்பதில் மட்டும்தான் சஸ்பென்ஸ். தீர்மானம் தன்னைக் கேட்கும் முறையையும் தானே சொல்லிக்கொடுத்துவிடுகிறது. பெரிய வித்வான்கள் இதையே பல ஆவர்த்தனங்களுக்கு நீட்டி, சொற்கட்டைக் குறைத்தும் கூட்டியும், நடையை மாற்றியும் விளையாடுவார்கள். அடிப்படை மட்டும் மாறாது.

ஆதி தாளம் தெரியாத ஊரில்

1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் சௌத்தாம்ப்டன் கல்லூரியில் ஒரு கச்சேரி. ஆங்கிலேய ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாலின், வயலினில் எல். சங்கர், தபலாவில் ஜாகிர் உசேன், கடத்தில் விக்கு விநாயகராம், மிருதங்கத்தில் ராம்நாட் ராகவன். சக்தி என்று பெயர் கொண்ட அந்தக் குழுவின் முதல் இசைத்தட்டு அந்தக் கச்சேரியின் நேரடிப் பதிவுதான், 1976-இல் வெளிவந்தது. கேட்க வந்தவர்களில் பெரும்பாலோருக்கு லகு, திருதம் என்ற தாள உறுப்புகள் எதுவும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் ஃபியூஷன் இசை வரலாற்றில் நிலைத்துப்போன கச்சேரியாக அது ஆயிற்று.

மேலே சொன்ன இரண்டு விஷயங்களும் சேர்ந்தால் காரணம் விளங்கும். அடியை எதிர்பார்க்கும் திறன் எல்லா மனிதருக்கும் பொது. மூன்று முறை வரும் தீர்மானமோ தன் விதியைத் தானே கற்றுத்தருவது. கிட்டாரும் வயலினும் ஒரே தீர்மானத்தைச் சேர்ந்து வாசித்துக் கடமும் தபலாவும் கூட வந்து சமத்தில் விழும்போது, தாளம் தெரிந்தவருக்குக் கணக்கு ருசிக்கும்; தெரியாதவருக்கு அந்தச் சேர்ந்து விழுதல் ருசிக்கும். அதே சக்தி குழு புதிய கலைஞர்களோடு வெளியிட்ட இசைத்தொகுப்புக்கு 2024-இல் கிராமி விருது கிடைத்தது.

மேற்கும் தெற்கும் இப்படிக் கைகோப்பது நெல்லைச் சீமைக்குப் புதிதும் அல்ல. ஐரோப்பியரிடம் வயலின் பயின்று அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த பாலுஸ்வாமி தீட்சிதர் எட்டயபுரம் சமஸ்தான வித்வானாக இருந்தவர். அவருடைய அண்ணன் முத்துஸ்வாமி தீட்சிதர் மேல்நாட்டு பேண்டு மெட்டுகளுக்கு நோட்டுஸ்வர சாகித்தியங்கள் எழுதியவர். 1835-இல் அவர் மறைந்ததும் எட்டயபுரத்தில்தான். சங்கர் சக்தியில் வாசித்த வயலின் இங்கே வந்து குடியேறி, நம் சுருதியைக் கற்றுக்கொண்டு, மறுபடி மேற்குக்குப் போன வயலின்.

வளையும் சுரம்

எதிர்பார்ப்பு தாளத்தில் மட்டும் இல்லை, சுரத்திலும் உண்டு. சேரன்மகாதேவிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் இடையில் இருக்கிறது காருகுறிச்சி. 1921-இல் அங்கே பிறந்தவர் நாகஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலம், டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். 1962-இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில், எஸ்.எம். சுப்பையா நாயுடு இசையில், எஸ். ஜானகியின் குரலோடு ஆபேரி ராகப் பாட்டில் அவர் நடத்திய போட்டியைக் கேட்காத தமிழர் குறைவு. இரண்டே ஆண்டுகளில், 1964-இல், அவர் காலமானார்.

நாகஸ்வரத்தில் ஏழு விரல் துளைகள். சாக்ஸபோனில் இருப்பது போன்ற சாவிகள் எதுவும் கிடையாது. சீவாளியை உதடு கவ்வும் அழுத்தம், மூச்சின் வேகம், துளையைப் பாதி மூடும் விரல் ஆகியவற்றால்தான் ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடையிலுள்ள அத்தனை நுண்ணிய இடங்களும் பிறக்கின்றன. சுரம் நேராகப் போய் நிற்காமல் அசைந்து, வழுக்கி, தொட்டும் தொடாமலும் போகிறது. மனிதக் குரலும் அப்படியே செய்வதால்தான் அந்தப் பாட்டில் குரல் எது, குழல் எது என்று காது மயங்கும் கணங்கள் வருகின்றன. போக வேண்டிய இடம் தெரிந்தும் அங்கே போகாமல் சுற்றி வருவதுதான் கமகத்தின் சூட்சுமம். நம் ஊகம் நிறைவேறுவது தள்ளிப்போகிறது.

கிட்டாரில் இது எளிதல்ல. அதன் கழுத்தில் குறுக்கே பதித்த மெட்டுகள் சுரங்களைத் தனித்தனிப் படிகளாகப் பிரித்துவிடும். வீணை கற்றவரான மெக்லாலின், மெட்டுகளுக்கு நடுவே குழிவாகச் செதுக்கிய கிட்டாரைச் செய்வித்துக்கொண்டார். குழிவு இருந்தால் விரலால் தந்தியை அழுத்தி வளைக்க இடம் கிடைக்கும். இழுவிசை கூடினால் சுருதி ஏறும். காருகுறிச்சியார் உதட்டால் செய்ததை அவர் இரும்புத் தந்தியில் செய்ய முயன்றார்.

சிலிர்ப்புக்கு முன்னால்

இந்தத் தள்ளிப்போடுதல் மூளையில் என்ன செய்கிறது? கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வேலரி சலிம்பூர், ராபர்ட் சட்டோரே குழுவினர், இசை கேட்டால் மயிர்க்கூச்செறியும் ஆட்களைத் தேர்ந்து, அவரவருக்குப் பிடித்த இசையையே போட்டு மூளையைப் படம் எடுத்தார்கள். 2011-இல் முடிவு வந்தது. சிலிர்க்கும் கணத்தில் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற பகுதியில் டோபமைன் சுரந்தது. அதற்குச் சில விநாடிகள் முன்பே, ‘இதோ வரப்போகிறது’ என்று காத்திருக்கும்போதே, காடேட் என்ற வேறொரு பகுதியில் டோபமைன் சுரந்துவிட்டது. காத்திருப்புக்குத் தனி இன்பம், வந்து சேர்வதற்குத் தனி இன்பம். தீர்மானத்தின் இரண்டாவது ‘தொம்’ முதல் வகை, மூன்றாவது இரண்டாம் வகை என்று எடுத்துக்கொள்ளலாம்.

வாசிப்பவர் தலைக்குள்ளும் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். சார்லஸ் லிம், ஆலன் பிரான் இருவரும் ஆறு ஜாஸ் பியானோ கலைஞர்களை எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் படுக்க வைத்து, சின்னக் கீபோர்டு ஒன்றைக் கொடுத்தார்கள். மனப்பாடமான இசையை வாசித்தபோது இருந்ததைவிட, மனோதர்மமாக, அதாவது அந்த நேரத்தில் தோன்றியபடி, வாசித்தபோது, தன்னைத்தானே தணிக்கை செய்யும் முன்மூளைப் பக்கப் பகுதிகள் அடங்கின. சுயவெளிப்பாட்டோடு தொடர்புள்ள நடுப்பகுதி கிளர்ந்தது. ராக ஆலாபனையில் தோய்ந்த வித்வான்கள் ‘நான் வாசிக்கவில்லை, அது வருகிறது’ என்று சொல்வதை இனி வெறும் பணிவு என்று தள்ளிவிட முடியாது.

நேரில் கேட்பதற்கும் பதிவில் கேட்பதற்கும் வித்தியாசம் உண்டா? மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் கருவிகள் பொருத்திய ஓர் அரங்கில், மேடையில் கலைஞர் பாடும்போதும், அதே பாட்டுகளின் பதிவு ஒலிக்கும்போதும் ரசிகர்களின் தலையசைவை அளந்தார்கள். நேரடிக் கச்சேரியில் தலைகள் கூடுதல் வேகத்தோடு ஆடின. 2019-இல் வந்த முடிவு இது. வாசிப்பவர் முகத்தில் ‘இப்போது வைக்கப்போகிறேன்’ என்று தெரியும் அந்தக் குறிப்பும், பக்கத்தில் இருப்பவர் போடும் தாளமும் நம் ஊகத்தோடு சேர்ந்துகொள்கின்றன. தனி ஆவர்த்தனத்துக்குத் தாளம் போடும் கூட்டமும் அந்த வாசிப்பில் ஒரு பங்காளி.

மின் மேளத்தால் ஏன் முடியாது

இப்போது பல கோயில்களில் தீபாராதனை நேரத்தில் சுவிட்சைப் போட்டால் மோட்டாரில் ஓடும் மேளமும் மணியும் ஒலிக்கின்றன. சத்தத்துக்குக் குறைவில்லை, நேரமும் தப்பாது. ஆனால் ஒரு நிமிடத்தில் நம் காது அதைக் கைகழுவிவிடுகிறது. அடுத்த அடி எப்போது என்பதில் சந்தேகமே இல்லாத இடத்தில் மூளைக்கு ஊகிக்க வேலையில்லை; மாறாமல் திரும்பத் திரும்ப வரும் தூண்டலுக்குப் பதில் சொல்வதை நரம்புகள் குறைத்துக்கொள்ளும். அந்த இயந்திரத்தைப் பார்த்து யாரும் ‘எங்க விழுந்தாரு’ என்று வியக்கப்போவதில்லை.

ஆகவே நாகஸ்வரம், தவில், மகுடம் கலைஞர்களுக்குக் கொடுக்கும் சம்பளத்தைச் சடங்குக்கான செலவு என்று மட்டும் நிர்வாகிகள் கணக்கெழுதினால் அது பாதிக் கணக்குதான். மோட்டாரால் தர முடியாத எதிர்பார்ப்பையும் பதற்றத்தையும் நிறைவையும் அவர்கள் நம் மூளைக்குத் தருகிறார்கள். கேட்பவருக்கும் ஒரு சின்ன வேலை உண்டு. அடுத்த முறை தவில் தனி வரும்போது கைப்பேசியில் படம் பிடிப்பதை விட்டுவிட்டு, அந்தக் கையால் தாளம் போட்டுப் பாருங்கள். தப்பினாலும் பரவாயில்லை, தப்பும்போதுதான் வாசிப்பவர் என்ன செய்கிறார் என்பது பிடிபடத் தொடங்கும்.