பேச்சுப் பயிற்சி அளிப்பவர் என்ன படித்திருக்க வேண்டும்?

பக்கவாதத்தால் பேச்சு இழந்த ஒருவரை எங்கள் பிரிவுக்கு அழைத்துவரும் குடும்பத்தினர் முதலில் கேட்பது, “பழையபடி பேசுவாரா?” என்பதே. வீடு திரும்பும் நாள் நெருங்கும்போது, “எங்கள் ஊரில் இந்தப் பயிற்சியை யாரிடம் தொடர்வது?” என்று கேட்கின்றனர். நோயாளியின் அருகிலேயே பல நாள் அமர்ந்திருந்த மகளோ பேரனோ சற்றுத் தயங்கி, “இந்தப் படிப்பில் நான் சேர முடியுமா?” என்று கேட்பதும் உண்டு. பின்னிரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. பேச்சு-மொழி நோயியல் முதுநிலைப் படிப்பில் சேர என்னென்ன தகுதிகள் வேண்டும் என்பதை அறிந்துகொண்டால், நோயாளியை யாரிடம் நம்பி ஒப்படைக்கலாம் என்பதும் தெளிவாகும்.

முதற்படி: இளநிலைப் பட்டம்

நம் நாட்டில் இத்துறையின் அடிப்படைப் பட்டம் பி.ஏ.எஸ்.எல்.பி. ஆகும். செவித்திறன், பேச்சு, மொழி ஆகிய மூன்றையும் இது உள்ளடக்கியது. பிளஸ் டூ வகுப்பில் இயற்பியல், வேதியியல் ஆகியவற்றுடன் உயிரியல் அல்லது கணிதம் போன்ற ஒரு பாடத்தைப் படித்தவர்கள் இதில் சேரலாம். படிப்புக் காலம் 4 ஆண்டுகள். கடைசி ஓராண்டு முழுவதும் நோயாளிகளிடையே பெறும் நேரடிப் பயிற்சியாகும்.

பேச்சுப் பயிற்சிக்கு இயற்பியல் எதற்கு என்று சிலர் வியக்கலாம். குரல் என்பது குரல்நாண்களின் அதிர்வால் எழும் ஒலியலை. அதை அளந்தறியவும், ஒருவருக்கு எந்த அளவு காது கேட்கிறது என்று கணிக்கவும் ஒலியியல் தெரிந்திருக்க வேண்டும். குழந்தை கேட்டே பேசக் கற்கிறது. ஆகவேதான் செவித்திறனும் பேச்சும் ஒரே பட்டத்தில் இணைந்துள்ளன. 1965-இல் மைசூரில் நிறுவப்பட்ட அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் இக்கல்வியின் முன்னோடிகளுள் ஒன்று. சென்னையிலும் இப்படிப்பை நடத்தும் கல்லூரிகள் உள்ளன.

முதுநிலைப் படிப்பில் சேர

பேச்சு-மொழி நோயியலில் எம்.எஸ்சி. பட்டப் படிப்பு 2 ஆண்டுகள் கொண்டது. சேர்க்கைக்கான முக்கிய நிபந்தனைகள் இவை:

• ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் ஏற்புப் பெற்ற நிறுவனத்தில் பி.ஏ.எஸ்.எல்.பி. அல்லது அதற்கு இணையான பட்டம் பெற்றிருத்தல்.
• அப்பட்டத்தில் பொதுவாக 55 விழுக்காடு மதிப்பெண் பெற்றிருத்தல். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு அரசு விதிப்படி தளர்வு உண்டு.
• ஓராண்டு நேரடிப் பயிற்சியைக் குறைவின்றி முடித்திருத்தல்.
• நுழைவுத் தேர்வு நடத்தும் நிறுவனங்களில் அதில் தேர்ச்சி பெறுதல்.

உளவியல், மொழியியல், செவிலியம் முதலிய பட்டங்களைப் பெற்றவர்கள் இதில் நேரடியாகச் சேர இயலாது; அவர்களும் பி.ஏ.எஸ்.எல்.பி.யிலிருந்தே தொடங்க வேண்டும். அமெரிக்காவில் முறை வேறு. அங்கு வேறு துறையில் இளநிலை முடித்தவரும் உரிய அடிப்படைப் பாடங்களைப் படித்தபின் முதுநிலையில் சேர முடியும். எனினும், தொழிற்சான்று பெறுவதற்கு 400 மணி நேர மருத்துவப் பயிற்சி அங்குக் கட்டாயம். அங்கிருக்கும் உறவினர் கூறுவதை மட்டும் வைத்து இங்கு விண்ணப்பிக்க வேண்டாம் என்று மாணவர்களுக்குச் சொல்லி வருகிறோம்.

இத்தனை நிபந்தனைகள் எதற்கு?

பேச்சுப் பயிற்சி என்றால் ‘அ, ஆ’ சொல்லிக் கொடுப்பது என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் பக்கவாத நோயாளியிடம் நாங்கள் முதலில் பார்ப்பது விழுங்கும் திறனைத்தான். உணவும் மூச்சும் தொண்டையில் ஒரே வழியைப் பகிர்ந்துகொள்கின்றன. அங்குள்ள தசைகள் தளர்ந்தால் உணவோ நீரோ மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். சிலருக்கு அப்போது இருமல்கூட வராது. தண்ணீர் விரைந்து பாய்வதால், கெட்டியான கூழைவிட அதுவே சிலருக்கு ஆபத்தானது.

ஒருமுறை, வீட்டுக்கே வந்து பயிற்சியளித்த ஒருவர், “இருமல் இல்லையே, தாராளமாகத் தண்ணீர் கொடுங்கள்” என்று கூறியிருக்கிறார். அதை நம்பிய குடும்பத்தினர், சில நாட்களிலேயே நுரையீரல் அழற்சியுடன் அந்த முதியவரை எங்களிடம் திரும்ப அழைத்துவந்தனர். பயிற்சியளித்தவர் இத்துறையில் எப்பட்டமும் பெறாதவர் என்பது பின்னரே தெரியவந்தது. குடும்பத்தினரிடம் அக்கறைக்குக் குறைவில்லை. என்ன கேட்டறிய வேண்டும் என்பதை மட்டும் அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

மொழியறிவும் இவ்வாறே இன்றியமையாதது. ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்று சொல்லும் குழந்தைக்குப் பயிற்சி தேவையா? சுற்றியுள்ள பெரியவர்கள் எல்லாரும் அப்படியே பேசும் ஊரில் அது வட்டார வழக்கு, குறைபாடு அன்று. அதே குழந்தை மூன்று வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை எனில் உடனே பரிசோதிக்க வேண்டும். இவ்வேறுபாட்டை அறியவே மாணவர்கள் ஒலிப்பியலும் மொழியியலும் பயில்கின்றனர்.

குடும்பத்தினர் கேட்க வேண்டியவை

1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டப்படி, இத்துறையில் பணியாற்றுவோர் மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் பதிந்திருக்க வேண்டும். பதிவின்றித் தொழில் செய்வது தண்டனைக்குரிய குற்றம். ஆகவே, புதிதாக ஒருவரிடம் பயிற்சியைத் தொடங்கும் முன் மூன்று செய்திகளைக் கேட்டறியுங்கள்:

1. அவர் பெற்றது எந்தப் பட்டம்? ஓராண்டுப் பட்டயப் படிப்பு முடித்தவர்களும் இத்துறையில் உள்ளனர். பட்டம் பெற்ற நிபுணரின் வழிகாட்டலில் அவர்கள் பயிற்சியளிப்பது பயனுள்ளது. விழுங்கும் திறனைத் தனியே மதிப்பிடுவது அவர்கள் பணியன்று.
2. ஆர்.சி.ஐ. பதிவு எண் என்ன? அது இன்னும் செல்லுபடியாகிறதா?
3. உங்கள் நோயாளிக்குள்ள குறைபாட்டில் அவருக்கு முன் அனுபவம் உண்டா?

இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று தயங்க வேண்டியதில்லை. முறையாகப் படித்தவர் மகிழ்ச்சியுடன் விடை சொல்வார். எங்களிடமும் தயங்காமல் கேளுங்கள்.

இப்படிப்பில் சேர விரும்பும் இளையோர், பத்தாம் வகுப்பு முடித்துப் பாடப் பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போதே இதை மனத்தில் கொள்ள வேண்டும். விண்ணப்பிக்கும் முன், அக்கல்லூரியின் ஆர்.சி.ஐ. ஏற்பு நடப்பு ஆண்டுக்கும் உள்ளதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஏற்பில்லாத கல்லூரியில் பெறும் பட்டத்தைக் கொண்டு பதிவு பெற இயலாது. உங்கள் தாத்தாவின் அருகில் அமர்ந்து, அவர் ஒரு சொல்லைத் தேடி முடிக்கும்வரை குறுக்கிடாமல் காத்திருக்கப் பழகியிருக்கிறீர்கள். அந்தப் பொறுமை இப்பணியில் ஒவ்வொரு நாளும் உங்களுக்குத் துணை நிற்கும்.