ஒரு பிஸ்கட்டையும் சுமக்காத கவர் குப்பையாகிறது, தெரியுமா?

உள்ளே ஒரு பிஸ்கட்கூட வைக்கப்படாத பிஸ்கட் கவர், ஒரு சொட்டு ஷாம்பு படாத சாஷே, எந்த பாட்டிலிலும் ஒட்டப்படாத லேபிள்... இவை எல்லாம் அச்சு வாசனை போவதற்குள் குப்பையாகிவிடுகின்றன, தெரியுமா? புதுச்சேரியின் வில்லியனூர் கொம்யூனில் சேதராப்பட்டு பிப்டிக் தொழிற்பேட்டை, பாகூர் கொம்யூனில் கிருமாம்பாக்கம், காட்டுக்குப்பம் என்று பொருளைக் கவரில் அடைத்து அனுப்பும் தொழிற்சாலை எங்கிருந்தாலும் இந்தத் தலைவலி உண்டு. ஆர்டர் கொடுத்து, அச்சடித்து, பணமும் கட்டியாயிற்று. அதற்குள் கவரில் இருக்கும் ஏதோ ஒரு வரி பழசாகிவிடும்!

கம்பெனி முகவரி மாறலாம், எடை மாறலாம், விலை மாறலாம். டெல்லியில் ஓர் ஆணை வந்தாலே போதும். 2023 ஆகஸ்ட் 1 முதல் தயாராகும் 300 முன்னணி மருந்து பிராண்டுகளில் கியூஆர் குறியீடு இருந்தே ஆகவேண்டும் என்றார்கள். குறியீடு இல்லாமல் அச்சடித்து வைத்திருந்த லேபிள்கள் செல்லாக்காசு! 2025 செப்டம்பர் 22-இல் ஜிஎஸ்டி விகிதம் மாறியபோது சோப்பு முதல் பிஸ்கட் வரை அச்சிட்ட விலையே தப்பாகிவிட்டது. நல்லவேளையாக, திருத்திய விலையை முத்திரையாகவோ ஸ்டிக்கராகவோ போட்டுப் பழைய கவர்களை 2026 மார்ச் 31 வரை தீர்த்துக்கொள்ளலாம் என்று மத்திய அரசு விட்டுக்கொடுத்தது. இல்லாவிட்டால் நாடு முழுக்க எத்தனை லாரி லோடு காயலான் கடைக்குப் போயிருக்குமோ!

சட்டத்திலேயே இதற்குத் தனி இடம் உண்டு, தெரியுமா? 2016-இன் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளை 2022-இல் திருத்தியபோது, வாடிக்கையாளர் கைக்குப் போவதற்கு முன்பே ஒதுக்கப்படும் பேக்கிங் கழிவு என்று ஒரு வகையைத் தனியே வரையறுத்தார்கள். வீட்டுக் குப்பைத் தொட்டியில் கிடக்கும் பால் கவரும் தொழிற்சாலையில் கழித்த கவரும் ஒன்றல்ல. சாம்பார் ஒட்டவில்லை, எண்ணெய்ப் பிசுக்கில்லை, மண்ணில்லை. கழுவும் செலவே இல்லை! எந்த வகை பிளாஸ்டிக் என்று வாங்கிய பில்லிலேயே இருக்கும். மறுசுழற்சிக்காரருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பில் இல்லாவிட்டாலும் ஒரு வாளித் தண்ணீர் போதும், தெரியுமா? துண்டு துண்டாக வெட்டிப் போட்டுக் கலக்கி விடுங்கள். பாலித்தீனும் பாலிப்ரொப்பிலீனும் தண்ணீரைவிட லேசு, மிதந்துவிடும். தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக் 1.38 அடர்த்தி, அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். வில்லன் யார் என்றால் பிவிசி! அதுவும் கிட்டத்தட்ட அதே கனம்தான், பெட்டோடு சேர்ந்து மூழ்கிக்கொண்டு கண்ணில் படாது. பெட் உருக 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டில் பிவிசி சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கக்கும். கொஞ்சம் பிவிசி கலந்தாலும் ஒரு முழு லோடு மஞ்சளித்துக் கெட்டுப்போகும்.

சரி, இவ்வளவு சுத்தமான சரக்கை அப்படியே எடைக்குப் போட்டுவிடலாமே? கூடாது! பழைய கவர் முழுசாக வெளியே போனால் போலிச் சரக்கு அடைப்பவனுக்குக் கொண்டாட்டம். பிராண்ட் பெயர், லோகோ எல்லாம் அசல். உள்ளே இருப்பது மட்டும் வேறு. விவரமான கம்பெனிகள் இயந்திரத்தில் நார் நாராகக் கிழித்து, அழித்ததற்குச் சான்றிதழும் வாங்கிக்கொண்ட பிறகுதான் கேட்டைத் திறக்கும்.

அடுத்தது சிப்ஸ் பாக்கெட். உள்பக்கம் பளபளக்கிறதே, அந்த அலுமினியப் பூச்சின் கனம் வெறும் சில பத்து நானோமீட்டர், தெரியுமா? தலைமுடியைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் மெலிசு! கையில் கசக்கிப் பாருங்கள். விட்டதும் மொறமொறவென்று விரிந்தால் அது பூச்சு போட்ட பிளாஸ்டிக். கசங்கினது கசங்கியபடியே கிடந்தால் அலுமினியத் தாள். பெட், பாலித்தீன், உலோகம் என்று வேறு வேறு அடுக்குகளை ஒட்டிச் செய்த கவர்களைப் பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். காயலான் கடையிலும் சீண்ட ஆளில்லை.

அந்த அநாதைக்கும் வழி கண்டுபிடித்தவர் மதுரைக்காரர்! தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன். 170 டிகிரி அளவுக்குச் சூடேற்றிய ஜல்லிமேல் பிளாஸ்டிக் துகளைத் தூவினால் அரை நிமிடத்தில் உருகி ஒவ்வொரு கல்லுக்கும் சட்டை போட்டுவிடும். அதற்குப் பிறகுதான் தார். 2002-இல் கல்லூரி வளாகத்திலேயே சாலை போட்டுக் காட்டினார், 2018-இல் பத்மஸ்ரீ வந்தது. ஒற்றைத் தடச் சாலை ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன் பிளாஸ்டிக் போகும், தாரும் மிச்சம். அடுக்குக் கவர்களையும் போடலாம். பிவிசிக்கு மட்டும் இங்கேயும் அனுமதி இல்லை!

சாலைக்கும் ஆகாததுக்கு சிமெண்ட் ஆலை இருக்கிறது. அரியலூர் சூளைகளில் பிளாஸ்டிக் கழிவு எரிபொருளாகப் போகிறது. ஒரு கிலோ பாலித்தீனில் நம் ஊர் நிலக்கரியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் வெப்பம்! எனக்கென்னவோ, சுத்தமான சரக்கைச் சூளைக்கு அனுப்புவது வீண் என்றே படுகிறது. உருக்கிக் குருணையாக்கினால் மறுபடி பொருளாகும்.

அந்தக் குருணைக்கு இப்போது கிராக்கி, தெரியுமா? 2025–26 முதல் கெட்டியான பிளாஸ்டிக் பேக்கிங்கில் 30 சதவீதம், வளையும் பிளாஸ்டிக் கவரில் 10 சதவீதம், பிளாஸ்டிக் அல்லாத அடுக்கும் சேர்ந்த பல அடுக்குக் கவரில் 5 சதவீதம் மறுசுழற்சிச் சரக்கு கலக்கவேண்டும் என்று 2022 விதிகள் இலக்கு வைத்தன. ஆனால் சிவப்பும் பச்சையும் நீலமுமாய் அச்சடித்த கவர்களைச் சேர்த்து உருக்கினால் வருவது அழுக்குச் சாம்பல் நிறம். மறைக்க எளிய வழி கரித்தூள். நர்சரியில் நாற்றுப் பையும் பூந்தொட்டியும் கன்னங்கரேலென்று இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். வெயிலில் சீக்கிரம் வெடிக்காது என்பது கூடுதல் லாபம். அச்சே விழாத வெள்ளை ஓரக் கட்டிங்குகளுக்குத்தான் குருணைக்காரரிடம் எப்போதும் நல்ல விலை.