உண்ணிக் காய்ச்சலும் நாயின் சிறுநீரகமும்

கூடங்குளம், இராதாபுரம் வட்டாரத்தில் ஆட்டுக்கிடை போடுவோருக்கும் தோட்டக்காரர்களுக்கும் நாய்தான் காவல். ஆட்டுக்கு நோய் என்றால் மருத்துவரிடம் ஓடுகிறவர்கள்கூட, நாய் இரண்டு நாள் கஞ்சி குடிக்காவிட்டால் 'வெயில் சூடு' என்று விட்டுவிடுவதுண்டு. சிறுநீரகம் கெடுவது பெரும்பாலும் இவ்வாறு கவனியாது விட்ட நாட்களில்தான்.

உண்ணி கடிக்கும்போது 'பபீசியா' என்னும் ஒட்டுண்ணி நாயின் இரத்தத்தில் புகுகிறது. இதில் ஒரு வகையைச் சென்னை வேட்டைச் சங்கத்து நாய்களில் பேட்டன் என்னும் ஆய்வாளர் கண்டு 1910இல் வெளியிட்டார். நரியின் இரத்தத்திலும் அது காணப்பட்டது. சீமை நாய்க்குத்தான் இந்நோய் வரும், நாட்டு நாய்க்கு வராது என்று எண்ணுவது தவறு.

ஒட்டுண்ணி சிவப்பணுக்களுக்குள் பெருகி அவற்றை உடைக்கிறது. அவற்றிலுள்ள செந்நிறப் பொருள் கலந்து சிறுநீர் கடுங்காப்பி நிறமாகும். ஈறு வெளுக்கும். இரத்தச் சோகையால் சிறுநீரகத்துக்குப் போதிய பிராணவாயு கிட்டாது. கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் பொருள்களும் கிருமியின் கூறுகளும் சேர்ந்து சிறுநீரக வடிகட்டிகளில் படிவதால், புரதம் சிறுநீரில் ஒழுகிப் போகும். உண்ணி பரப்பும் 'எர்லிச்சியா' கிருமியும் இதே கேட்டைச் செய்யும். நாய் ஓயாமல் தண்ணீர் குடித்து, வாந்தி எடுத்து, வாயில் மூத்திர நாற்றம் வீசினால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கலாம். சிறுநீர் அறவே நின்றுவிட்டால் பிழைப்பது அரிது.

காது நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதித்தால் கிருமி தெரியக்கூடும். தெரியாததால் நோய் இல்லை என்றாகிவிடாது. இரத்தத்தில் கிரியேட்டினின் உயர்வது, சிறுநீரகத்தின் முக்கால் பங்கு செயலிழந்த பிறகுதான். ஆகவே சிறுநீரில் புரதம் உள்ளதா என்று முன்னதாகவே பார்ப்பது நல்லது. உள்ளூர் மருத்துவர் அனுப்பினால் திருநெல்வேலி இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு நாயைக் கொண்டுசெல்லத் தயங்க வேண்டாம்.

மாட்டுக்கு வாங்கி மீந்த டிமினசீன் ஊசியைக் கண்ணளவில் நாய்க்குப் போடுவது பெருந்தவறு. நாய்க்குக் கிலோ எடைக்கு 3.5 மில்லிகிராம்தான் வழக்கமான அளவு. மிஞ்சினால் மூளை பாதிக்கும். எடை பார்த்து மருத்துவரே போடவேண்டும். காய்ச்சலுக்கென்று மனிதருக்கான டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரையைக் கொடுத்தால், நலிந்த சிறுநீரகம் மேலும் கெடும்.

பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தை உண்ணிக்காக நாயின்மேல் பூசுவோரும் உண்டு. உண்ணி சாகுமுன் நாய் செத்துவிடும். உண்ணிக்கென உள்ள மருந்தை மருத்துவரிடம் கேட்டு, சொன்ன அளவில் கலந்து பயன்படுத்த வேண்டும். இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய் படுக்கும் சாக்கை மாற்றி, தொழுவச் சுவரின் சந்துகளைப் பூசி அடைக்க வேண்டும்.

குணமான நாயின் இரத்தத்திலும் ஒட்டுண்ணி மறைந்திருக்கலாம். எனவே சிறுநீரையும் இரத்தத்தையும் எப்போது மறுபடி சோதிப்பது என்று மருத்துவரிடம் அப்போதே கேட்டு வருவது நல்லது.