தீக்குச்சி நெடியும் திராட்சைப் பொன்நிறமும்!

குழந்தைகளுக்கு லீவு விட்டாச்சு. வீட்டிலேயே பைனாப்பிள் ஸ்குவாஷ் போட்டு வைக்கலாம் என்று மளிகைக் கடையில் 'கே.எம்.எஸ்.' பாக்கெட் வாங்கி வருகிறீர்கள். பிரித்ததுமே தீக்குச்சி உரசினாற்போல ஒரு நெடி மூக்கில் ஏறுகிறது. 'இதையா குழந்தைக்குக் குடிக்கத் தரப்போறோம்?' என்று ஒரு நிமிஷம் கை தயங்குகிறது, இல்லையா?

தயக்கம் நியாயமானதுதான். ஆனால் பயம் எல்லோருக்கும் வேண்டாம். வீட்டில் வீசிங் உள்ளவர்கள் இருந்தால் மட்டும், மேலே கவனமாகப் படியுங்கள்.

அந்த நெடி என்ன?

கே.எம்.எஸ். என்பது பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட். புளிப்பான பழச்சாறில் கரைந்ததும் கந்தக டை ஆக்ஸைடு வெளிவரும். அது பூஞ்சை, நொதிக்கிருமிகளை வளரவிடாது. பழத்தின் நிறம் கறுக்காமலும் காக்கும். இந்தக் குடும்பத்துக்குத்தான் 'சல்ஃபைட்' என்று பெயர்.

நம் உடம்பும் தினமும் கொஞ்சம் சல்ஃபைட்டை உண்டாக்கத்தான் செய்கிறது. ஒரு என்ஸைம் அதைச் சல்ஃபேட்டாக மாற்றி, சிறுநீரில் அனுப்பிவிடும். அதனால்தான் பெரும்பாலானோருக்கு இது எந்தத் தொந்தரவும் தருவதில்லை.

யாருக்கு ஆகாது?

ஆஸ்துமாக்காரர்களில் 100 பேருக்கு 3 முதல் 10 பேர் வரை இதனால் பாதிக்கப்படலாம். சாப்பிட்ட சில நிமிஷங்களிலேயே நெஞ்சு இறுகும், இளைப்பு வரும். சிலருக்குத் தோலில் தடிப்பு வரும். அமெரிக்காவில் ஹோட்டல் சாலட்டுகள் வாடாமலிருக்க சல்ஃபைட் தெளித்து வந்தார்கள். உயிரிழப்புப் புகார்கள் வந்த பிறகு, 1986-ல் பச்சையாகச் சாப்பிடும் காய், பழங்களில் அதைத் தடை செய்தார்கள்.

ஒரு விஷயம்: 'எனக்கு சல்ஃபா மாத்திரை அலர்ஜி, அப்போ இதுவும் ஆகாதா?' என்று கேட்பவர்கள் உண்டு. பெயர்தான் ஒரே மாதிரி. இரண்டும் வேறு வேறு!

எவ்வளவு வரை சரி?

உடல் எடையில் கிலோவுக்கு 0.7 மில்லிகிராம் - இது உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய அமைப்பும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு சொன்ன தினசரி அளவு. 20 கிலோ குழந்தைக்கு 14 மில்லிகிராம். ஸ்குவாஷில் கிலோவுக்கு 350 மில்லிகிராம் கந்தக டை ஆக்ஸைடு வரை இருந்தால், 50 கிராம் ஸ்குவாஷ் கலந்த ஒரு டம்ளரில் 17 மில்லிகிராமைத் தாண்டுகிறது! ஒரு நாள் கூடினால் ஆபத்து என்று அர்த்தமில்லை. தினமும் இரண்டு டம்ளர் என்று பழக்காதீர்கள், அவ்வளவுதான். 2022-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், இந்த 0.7 அளவை நம்பி இருக்கப் போதுமான ஆய்வுகள் இல்லை என்று சொல்லிவிட்டது. ஆகவே குறைவே நல்லது.

வீட்டில் போடும்போது...

* ஒரு கிலோ ஸ்குவாஷுக்கு 0.6 கிராம் கே.எம்.எஸ். போதும். ஒரு டீஸ்பூன் என்பது 8 கிலோவுக்குக் காணும்! எடை போட்டே சேருங்கள்.

* பாகு நன்றாக ஆறின பிறகு, கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். சூட்டில் போட்டால் வாயு பறந்துவிடும். வீசிங் உள்ளவர் பக்கத்தில் இருந்தால் மூச்சு முட்டும்.

* திராட்சை, நாவல் சாறுக்கு இது வேண்டாம். நிறத்தை வெளுத்துவிடும். சோடியம் பென்சோயேட் போடுவார்கள்.

* இரண்டு நாளில் காலியாகப் போகிறதா? ஒன்றும் போடாமல் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

கடையில் வாங்கும்போது...

பாக்கெட் உணவில் 220 முதல் 228 வரையிலான எண்களைத் தேடுங்கள். 'ஐ.என்.எஸ். 224' என்றால் நம் கே.எம்.எஸ்.தான். கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ சல்ஃபைட் இருந்தால் லேபிளில் சொல்லியாக வேண்டும் என்று 2020-ம் ஆண்டு விதிகள் கூறுகின்றன.

சில்லறையாக வாங்கும் சாமானுக்கு லேபிள் ஏது? அங்கே நிறம்தான் துப்பு. பாயசத்தில் போடும் பொன்நிற உலர்திராட்சை பெரும்பாலும் கந்தகப் புகை காட்டியது. நீரில் ஊறவைத்துக் கழுவினால் கொஞ்சம் குறையும், முழுசாகப் போகாது. வெல்லமும் அப்படியே. பளிச்சென்று வெளிர்மஞ்சளாக மின்னினால் 'ஹைட்ராஸ்' போட்டு வெளுத்திருக்கலாம். கரும்பழுப்பு வெல்லம் பார்க்க அழகில்லை. அதனாலென்ன, பொங்கலுக்கு ருசிதானே முக்கியம்!

கடைசியாக ஒன்று. உங்கள் பிள்ளைக்கு ஜூஸோ உலர்திராட்சையோ சாப்பிட்டால் இளைப்பு வருகிறதா? என்ன சாப்பிட்டது, எத்தனை நிமிஷத்தில் வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். 'கொஞ்சம் கொடுத்துத்தான் பார்ப்போமே' என்று நீங்களே பரிசோதிக்க வேண்டாம். அந்த விஷப்பரீட்சையை டாக்டர் முன்னிலையில் மட்டுமே செய்ய வேண்டும்.