வாழைமர நோட்டு: அசலை அறிவது எப்படி?

பாட்டியின் தகரப் பெட்டியில் வாழைமரப் படம் போட்ட பத்து வெள்ளி நோட்டு இருக்கிறதா? 1942 முதல் 1945 வரை மலாயாவை ஆண்ட சப்பானியர் வெளியிட்டது அது.

நோட்டின் குறியீடு 'எம்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். எம் என்றால் மலாயா. 'பி' என்றிருந்தால் அது பர்மா நோட்டு. தொடக்கத்தில் வரிசை எண்ணும் அச்சிட்டனர். பிறகு எழுத்துக் குறியீடு மட்டுமே. எனவே எண் இல்லை என்பதாலேயே நோட்டு போலியாகிவிடாது. எண் உள்ளது அரிது, விலையும் கூடுதல். நினைவுப்பொருளாக விற்கப்படும் மறுபதிப்புகளும் உண்டு. ஆகவே தாளையும் அச்சையும் ஐயமற்ற அசலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

போர் முடிந்ததும் இது செல்லாக்காசானது. தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த நம்மவர் கூலியும் வெறும் காகிதமானது. நண்பர்களே, பத்துமலையானாலும் கிள்ளானானாலும், அது யார் கைக்காசு என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.